கணக்கை நீக்குவதற்கான காரணம்

ஒரு மவுஸுக்கு அறுநூறு எம்பி மென்பொருள் எதற்கு என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது. இழுத்தால் நகர வேண்டும், அமுக்கினால் திறக்க வேண்டும். அதற்குமேல் ஒரு மவுஸிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் உங்கள் மவுஸைக் கணினியில் செருகியதுமே திரையின் மூலையில் ஒரு கட்டம் எழும்பி, இதற்கான துணை மென்பொருளை இறக்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டது. மூடினேன். மறுபடியும் கேட்டது. ஐந்தாவது தடவை சரி என்று சொன்னேன். தொல்லை தாங்காமல் சரி என்று சொல்வது எனக்குப் பழக்கம்தான்.

இப்போது கணக்கை நீக்கப் போகிறேன் என்றவுடன், காரணம் சொல்லுங்கள் என்று ஒரு வெள்ளைப் பெட்டியைத் திறந்துவைத்திருக்கிறீர்கள். மேலே நான்கு காரணங்களை நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். மென்பொருள் மெதுவாக இருக்கிறது, அறிவிப்புகள் அதிகம், மவுஸை மாற்றிவிட்டேன், தனியுரிமை பற்றிய கவலை. ஐந்தாவது, வேறு. நான் ஐந்தாவதைத் தேர்ந்தெடுத்தேன். தமிழில் எழுதுவதை அங்கே படிப்பதற்கு ஆள் இருக்கிறார்களா என்று தெரியவில்லை. இருந்தாலும் நீங்கள் கேட்டீர்கள். வேறு யாரும் கேட்கவில்லை.

என் பெயர் அன்புமொழி. நாற்பத்திரண்டு வயது. கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் பிள்ளைகளின் வருகைப் பதிவைக் கணினியில் ஏற்றிவிட்டால் மதியம்வரை பெரிய வேலை இருக்காது. இதை எழுதுவது அந்த நேரத்தில். செய்ததும் அந்த நேரத்தில்தான்.

வீட்டில் நானும் என் தங்கை பிளெஸ்ஸியும் மட்டும். அவள் என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவள். அப்பா சூசைராஜ் சிங்கப்பூருக்குப் போனவர், பெட்டியில்தான் திரும்பி வந்தார். அம்மா அடைக்கலமேரி பூ மார்க்கெட்டுக்குச் சரம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவள் கட்டிய சரத்தில் கண்ணிகள் தளர்ந்து, மல்லிகை வழியெல்லாம் உதிர்ந்துபோனது என்று வியாபாரி திருப்பிக் கொடுத்தார். அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது. கை நடுக்கம். அதற்கப்புறம் பதினோரு வருஷம். சட்டை ஊக்கு மாட்டிவிடுவது, கஞ்சியைக் கரண்டியால் ஊட்டுவது, சிந்தாமல் இருக்க டம்ளரில் முக்கால் அளவுக்குமேல் ஊற்றாமல் இருப்பது எல்லாம் நான்தான் செய்தேன். அந்தப் பதினோரு வருஷத்தில் என்னைப் பெண் கேட்டு மூன்று இடத்திலிருந்து வந்தார்கள். அம்மாவின் கையைப் பார்த்துவிட்டுக் காபியைக் குடித்து முடிக்காமல் எழுந்து போனார்கள். இதை நான் வருத்தமாகச் சொல்லவில்லை. நடந்த வரிசையில் சொல்கிறேன்.

அம்மா போய் நான்கு வருஷம் ஆகிறது. பிளெஸ்ஸி திருச்சியில் படித்துவிட்டு வந்து, வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் செய்து கொடுக்க ஆரம்பித்தாள். ஸ்டுடியோக்காரர்கள் படங்களை அனுப்புவார்கள். இவள் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பின்னணியிலிருந்து வெட்டி எடுத்து, மலையின்மேலும் ரோஜாத் தோட்டத்திலும் நிறுத்துவாள். வெட்டுவதில்தான் இருக்கிறது வேலை. தலைமுடியின் ஓரம், ஜிமிக்கியின் ஓரம், விரல்களுக்கு நடுவில் தெரிகிற துணி எல்லாவற்றையும் மவுஸால் புள்ளி புள்ளியாகச் சுற்றிவர வேண்டும். அவள் சுற்றினால் ஒட்டுத் தெரியாது. அறந்தாங்கியிலிருந்து பேராவூரணிவரை அவளிடம் வேலை கொடுக்காத ஸ்டுடியோ கிடையாது.

அப்படி வேலை கொடுத்தவர்களில் ஒருவர்தான் பிராங்க்ளின். கட்டுமாவடிக்காரர், அறந்தாங்கியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், போன கார்த்திகையில் நிச்சயம் ஆனது. மணிக்கட்டு வலிக்கிறது என்று அவள் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. நிச்சயத்தன்று உங்கள் மவுஸை வாங்கிக்கொண்டு வந்தார். ஒன்றல்ல, இரண்டு. ஒரே மாதிரி.

"ஒண்ணு ஒங்களுக்கு, அக்கா. ஸ்கூல்ல வச்சுக்கங்க."

"எனக்கெதுக்குங்க இவ்வளவு ஒசத்தியா?"

"நாளைக்கு மாப்பிள்ள ஒண்ணுமே செய்யலைன்னு நீங்க சொல்லிரக் கூடாதுல்ல. மதினின்னு கூப்பிடணும்னுதான் ஆசை. ஓலை வாசிக்கட்டும், அதுவரைக்கும் அக்காதான்."

நல்ல மனிதர். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

ஓலை என்றால் உங்களுக்குத் தெரியாது. எங்கள் கோவிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண், மாப்பிள்ளை பெயர்களை வாசிப்பார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பது தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடிப்பார்கள். யாரும் போய் எதையும் அறிவித்து நான் பார்த்ததில்லை. அது ஒரு வழக்கம், அவ்வளவுதான்.

பிளெஸ்ஸி தன் கணினியில் மவுஸைச் செருகியபோது உங்கள் மென்பொருள் ஒரு கணக்கு திறக்கச் சொன்னது. மவுஸுக்கு எதற்குக் கணக்கு என்று அவளும் கேட்டாள். அவளுக்குப் பொறுமை கிடையாது. "ஒன் மெயில போடுக்கா, எனக்கு ஏற்கெனவே குப்பை மாதிரி வருது" என்றாள். என் முகவரியைக் கொடுத்தேன். மறுநாள் பள்ளியில் என் மவுஸைச் செருகினேன். வேறொரு கணினியில் உங்கள் அமைப்புகள் இருக்கின்றன, இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டது. சரி என்றேன்.

முதல் தடவை நடந்தது தற்செயல். இதை நீங்கள் நம்ப வேண்டும். பள்ளியில் என் மேசை வழுவழுப்பு, திரையில் அம்பு ஓடிவிடுகிறது என்று வேகத்தை ஐம்பதிலிருந்து முப்பதுக்குக் குறைத்தேன். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால் பிளெஸ்ஸி கையை உதறிக்கொண்டிருந்தாள்.

"என்னமோ இன்னைக்குக் கையே வெளங்கலக்கா. ஒரு தலைய வெட்ட ஒரு மணி நேரம் ஆச்சு. இழுத்தா வரமாட்டேங்குது, மாவுக்குள்ள இழுக்கிற மாதிரி."

எனக்கு உடனே புரிந்துவிட்டது, நான் அங்கே குறைத்தது இங்கேயும் குறைந்திருக்கிறது. சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தபோது அவள் வேறு எதையோ பேச ஆரம்பித்துவிட்டாள். மறுநாள் காலையில் வேகத்தைப் பழையபடி ஐம்பதில் வைத்தேன். அன்று அவள் பாடிக்கொண்டே வேலை செய்தாள் என்று பக்கத்து வீட்டுக் கார்த்திகா சொன்னாள்.

அந்த வாரக் கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். பிளெஸ்ஸி தலை நிமிராமல், "கல்யாணத்துக்கப்புறம் நீ இங்கிட்டுத் தனியாவா இருக்கப் போற? புதுக்கோட்டையில வேலை பாக்குற பொம்பளைங்க ஹாஸ்டல் இருக்காம். அவரு விசாரிச்சிட்டாரு. ரூமுக்கு ரெண்டு பேருதான். ஒனக்கும் ஒரு சேக்காளி கெடைச்ச மாதிரி இருக்கும்ல" என்றாள்.

அன்பாகத்தான் சொன்னாள். இருவருமாகச் சேர்ந்து எனக்காக யோசித்திருக்கிறார்கள். நான் உரித்த மொச்சையை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினான்கு என்று இன்றுவரை நினைவிருக்கிறது. எனக்குக் கோபம் வரவில்லை. என் பாயையும் தலையணையையும் யாரோ ஏற்கெனவே சுருட்டிக் கட்டி வாசலில் வைத்துவிட்டதுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை வருகையை ஏற்றிவிட்டு, உங்கள் மென்பொருளைத் திறந்தேன்.

அதை ஒரு நாள் முழுக்கப் படித்தேன். திறப்பதற்கே நேரம் எடுக்கிறது. முதலில் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்கிறது. பிறகு புது விசைப்பலகை வாங்கச் சொல்கிறது. பிறகு விளக்கின் நிறம். உள்ளே உள்ளே போனால், ஒரு குறிப்பிட்ட செயலிக்கு மட்டும் தனி வேகம் வைக்கலாம் என்று ஓர் இடம் இருக்கிறது. அவள் படம் வெட்டுகிற செயலிக்கு மட்டும் மாற்றினேன். மற்ற இடங்களில் மவுஸ் சாதாரணமாக இருக்கும். யூடியூப் பார்க்கும்போது நன்றாக இருக்கும். வேலையில் உட்கார்ந்தால் மட்டும் கை சொன்னபடி கேட்காது.

ஒரே வேகத்தில் வைத்தால் கை பழகிவிடும் என்பது எனக்கு இரண்டே நாளில் தெரிந்தது. அதனால் தினமும் மாற்றினேன். ஒருநாள் முப்பத்தைந்து, ஒருநாள் அறுபத்தைந்து, மறுநாள் நாற்பது. பெரிதாக எதுவும் செய்யவில்லை. பெரிதாகச் செய்திருந்தால் மவுஸைச் சந்தேகப்பட்டிருப்பாள்.

மவுஸையும் சந்தேகப்பட்டாள்தான். பிராங்க்ளினிடம் சொல்ல, அவர் போனிலேயே வழி சொன்னார். "அக்காவோடத வாங்கி மாட்டிப் பாரு." நான் என்னுடையதைக் கொண்டுவந்து கொடுத்தேன். மாட்டிப் பார்த்தாள். அதிலும் அப்படியே. ஒரே மாதிரி மவுஸ், ஒரே கணக்கு. வேறு எப்படி இருக்கும். ஆனால் அவள் இரண்டு மவுஸையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தில் அது வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

அவள் ஒரு தடவை உங்கள் மென்பொருளைத் திறந்து பார்த்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். திறக்கவும் செய்தாள். புதுப்பிக்கிறது, காத்திருங்கள் என்றது. சுற்றிக்கொண்டே இருந்தது. "இது வேற" என்று மூடிவிட்டாள். உங்கள் மென்பொருள் இத்தனை பெரிதாக இல்லாமல் இருந்திருந்தால் என்னால் எதையும் ஒளித்து வைத்திருக்க முடியாது. குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் அந்த நோயின் பெயரை வீட்டில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஒரே ஒரு காரியம் செய்தேன். மறுநாள் காலையில் அவளுக்குக் காபியை முக்கால் டம்ளர் ஊற்றினேன்.

அவள் டம்ளரைப் பார்த்தாள். "ஏன்க்கா கொறச்சு ஊத்தியிருக்க?"

"சும்மாதான். சுடுதுல்ல."

அவள் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்தாள்.

சனிக்கிழமை பள்ளி அரை நாள். கிளம்புவதற்கு முன்னால் வேகத்தைச் சரியாக்கிவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, அவள் மேசையில் நான் உட்கார்ந்தேன். எங்கே, எனக்கு வருகிறதா பார்க்கிறேன் என்று ஒரு படத்தில் ஒரு பெண்ணின் தோளைச் சுற்றிக் கோடு இழுத்தேன். நேராக வந்தது.

"எனக்கு நல்லாத்தான் போகுது" என்றேன்.

"நீ எந்திரி, நான் பாக்குறேன்" என்று அவள் உட்கார்ந்தாள். மவுஸ் அப்போது முற்றிலும் சரியாகத்தான் இருந்தது. அவள் கைதான் நடுங்கியது. உண்மையாகவே நடுங்கியது. நான் எதையும் தொடவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நடந்ததற்கு நான் மட்டுமே பொறுப்பு என்று சொல்ல முடியாது.

புதுக்கோட்டைக்கு டாக்டரிடம் அழைத்துப் போனேன். நான்தான் அழைத்துப் போனேன். டாக்டர் விரலால் மூக்கைத் தொடச் சொன்னார், நடந்து காட்டச் சொன்னார், ரத்தம் கொடுக்கச் சொன்னார். முடிவு வந்தபோது அவளை மருந்துக் கடைப் பக்கம் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன்.

"ஒண்ணும் இல்லைம்மா. அம்மாவுக்கு இருந்தது இவங்களுக்கும் வரணும்னு கெடையாது. பயம்தான். கல்யாணம் முடிஞ்சா தானா சரியாயிரும்" என்றார்.

நான் உடனே வெளியே வரவில்லை. கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். முகம் ஈரமாகவே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னக்கா சொன்னாரு?"

"ஒண்ணும் இல்லைன்னுதான்டி சொல்றாரு."

"அப்புறம் ஏன் நீ என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குற?"

"பஸ் வந்துருச்சு, வா."

நான் பொய் சொல்லவில்லை. டாக்டர் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன். ஆலங்குடி தாண்டும்வரை அவள் கையை என் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். சின்ன வயதில் அப்படித்தான் வருவாள். எத்தனையோ வருஷத்துக்கப்புறம் அன்றைக்குத்தான் என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

தையில் முதல் ஓலை வாசித்தார்கள். பிராங்க்ளின் அன்று சாயங்காலம் போன் பண்ணி, "மூணுல ஒண்ணு முடிஞ்சிருச்சு. இப்ப 'ம' வரைக்கும் கூப்பிடலாம்" என்றார். நானும் சிரித்தேன். இரண்டாவது ஓலையும் வாசித்தார்கள்.

அந்த வாரம் பிளெஸ்ஸி தன் நிச்சயதார்த்த ஆல்பத்தைத் தானே செய்துகொண்டிருந்தாள். வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்று வைத்திருந்தது. செவ்வாய்க்கிழமை நான் வேகத்தை எழுபதில் வைத்திருந்தேன். சாயங்காலம் போனபோது திரையில் பிராங்க்ளினின் முகம் பெரிதாக நின்றது. கோடு அவர் காதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கழுத்துக்குள் போயிருந்தது. பல தடவை அழித்து அழித்துப் போட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் காது போயிருக்கிறது. நாற்காலி காலியாக இருந்தது.

அவள் கோவிலுக்குப் போயிருந்தாள். எங்கள் பங்குச் சாமியார் ஆரோக்கியதாஸ் அடிகளிடம் போய், தடை இருக்கிறது ஃபாதர் என்று அவளே அறிவித்துவிட்டாள். எனக்கு எங்கள் அம்மாவின் நோய் வந்திருக்கிறது, மறைத்துக் கட்டிக்கொள்வது பாவம், மூன்றாவது ஓலையை வாசிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். இத்தனை வருஷம் வெறும் வழக்கமாக வாசிக்கப்பட்டதை உண்மை என்று எடுத்துக்கொண்டவள் அவள் ஒருத்திதான்.

சாமியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இவ சொல்றது நெசமாம்மா? டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் இல்லைன்னுதான் சொன்னாரு ஃபாதர்" என்றேன். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். பதினோரு வருஷம் ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளியன்று அம்மாவுக்கு நற்கருணை கொண்டுவந்தவர் அவர். நான் அம்மாவின் வாயைத் துடைத்துவிடுவதைப் பார்த்தவர். "ஒன்னய மாதிரி ஒரு அக்கா யாருக்கும் கெடைக்காதும்மா" என்றார்.

பிராங்க்ளின் மறுநாளே வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வராமல் படியிலேயே நின்றார். "கை நடுங்குனா நடுங்கட்டும். நான் புடிச்சுக்கிறேன். வெட்டுற வேலைய வேற யாரும் செய்யட்டும்" என்றார். பிளெஸ்ஸி கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொன்னாள்.

"எங்க அக்கா பதினோரு வருஷம் பட்டத நான் கண்ணால பாத்தேங்க. எங்க அக்கா வாழ்க்கையே போச்சு. அது ஒங்களுக்கு வேணாம். போயிருங்க."

நான் பட்டதை அவள் பார்த்திருக்கிறாள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. திருச்சியில் படித்தாள், லீவுக்கு வந்தாள், போனாள், எதையும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. யாராவது ஒருவர் அதைச் சொல்ல வேண்டும் என்று நான் வெகுகாலம் காத்திருந்திருக்கிறேன். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். திறந்திருந்தால் அவள் சொன்ன அந்த வார்த்தை இல்லாமல் போயிருக்கும்.

பிராங்க்ளின் கடைசியாக என்னைப் பார்த்து, "பாத்துக்கங்க அக்கா" என்றார். அக்கா என்றே சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் ஆகிறது. இப்போது அவளுக்கு எல்லா நேரமும் கை நடுங்குகிறது. சட்டை ஊக்கு நான்தான் மாட்டிவிடுகிறேன். தலை பின்னிவிடுகிறேன். ராத்திரி ரசம் சாதத்தைப் பிசைந்து ஊட்டும்போது, "அம்மாவுக்கும் இப்படித்தான குடுப்ப" என்றாள். அவள் எங்கேயும் போகவில்லை. ஹாஸ்டல் பேச்சை யாரும் எடுப்பதில்லை. நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம்.

தவக்காலம் என்று போன வெள்ளி பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஜெபத்தில் கவனம் சிதறியதைச் சொன்னேன். பள்ளியில் ஒரு டீச்சரைப் பற்றிப் புறம் பேசியதைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை. இது அந்த வரிசையில் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. முழங்காலில் இருந்து எழுந்தபிறகுதான், ஏன் தோன்றவில்லை என்று ஒரு கணம் யோசித்தேன். அந்த யோசனை எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்று சாயங்காலம் பிளெஸ்ஸி, மூடிவைத்திருந்த கணினியின் மேல் துணியை எடுத்து மடித்தாள். "நாளைக்கு ஒரே ஒரு தடவை ஒக்காந்து பாக்கவாக்கா? வரலைன்னா வித்துருவோம்" என்றாள். நான் சரி என்றேன். அதனால்தான் இன்று காலை இந்தக் கணக்கை நீக்கிவிடலாம் என்று வந்தேன். நீக்கினால் மவுஸ் பெட்டியில் வந்த நாளில் இருந்ததுபோல் ஆகிவிடும் என்று போட்டிருக்கிறீர்கள். முதலில் நடுங்கும். அரைமணி நேரம் உட்கார்ந்தால் கை அதன் பழக்கத்துக்கு வந்துவிடும். அவளுக்கு அப்படி ஒரு கை.

அதற்கப்புறம் அவர் எண்ணுக்குப் போன் பண்ணுவாள். அவர் இன்னும் யாரையும் பார்க்கவில்லை என்று கார்த்திகா சொன்னாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவளிடமிருந்து செய்தி வந்தது. "கம்ப்யூட்டர போட்டுட்டேன்க்கா. பயமா இருக்கு. எனக்காக வேண்டிக்க."

வேண்டிக்கொள்கிறேன் என்று பதில் அனுப்பினேன். அனுப்பியதோடு நிற்கவில்லை. நாற்காலியிலேயே கண்ணை மூடி, அவள் கை குணமாக வேண்டும் என்று ஒரு அருள்நிறை மரியே ஜெபம் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன், எனக்குக் கண்ணீர்கூட வந்தது. பிறகு இந்தப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு, உங்கள் மென்பொருளைத் திறந்து, அது புதுப்பித்து முடிக்கும்வரை காத்திருந்து, வேகத்தைப் பதினெட்டில் வைத்தேன்.